கோலாலம்பூர் குழாய்நீர்: கொதிக்க வைப்பதா, கார்பன் வடிகட்டியா, ஆர்.ஓ. இயந்திரமா?

கோலாலம்பூர் தாமான்களில் வீடு வீடாக வரும் தண்ணீர் வடிகட்டி விற்பனையாளர்கள் பெரும்பாலும் இரண்டு சோதனைகளைச் செய்து காட்டுவார்கள். உங்கள் வீட்டுக் குழாய்நீரில் இரண்டு சொட்டு மருந்து விடுவார்கள், தண்ணீர் மஞ்சளாகும். அப்புறம் இரண்டு உலோகக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை உள்ளே விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். சில நிமிடங்களில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கித் திப்பி திப்பியாக மிதக்கும். பக்கத்துக் கண்ணாடிக் குவளையில் அவர்கள் கொண்டுவந்த இயந்திரத் தண்ணீர் தெளிவாக நிற்கும். "இதையா பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறீங்க, அக்கா?" என்ற கேள்வி அடுத்து வரும். குளோரின் புற்றுநோய் தரும் என்ற பேச்சும் கூடவே வரும்.

மஞ்சள் நிறம் காட்டுவது தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை. அது இருந்தே ஆக வேண்டும். மலேசியக் குடிநீர்த் தரநிலையின்படி லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை அது இருக்கலாம். பழுப்பு நிறம் வருவது அந்தக் கம்பியிலிருந்து. குழாய்நீரில் தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. அவர்கள் காட்டும் ஆர்.ஓ. தண்ணீரில், அதாவது மிக நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடித்த தண்ணீரில், உப்பு அநேகமாக இல்லை; மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

சோதனை எதையும் நிரூபிக்கவில்லை என்றாலும், குளோரினைப் பற்றிய கவலைக்கு அடிப்படை உண்டு. அந்தக் கவலைக்கு உரிய பொருள் குளோரின் அல்ல, குளோரின் தண்ணீரில் உண்டாக்கிவிட்டுப் போகும் வேறு சில சேர்மங்கள். அவற்றைச் சொட்டு மருந்தும் காட்டாது, கம்பியும் காட்டாது, கரைந்த உப்புகளை அளக்கக் கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டரும் காட்டாது. எந்த வழி அவற்றைக் குறைக்கும், எது காசை மட்டும் குறைக்கும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.

என்ன சேர்மங்கள், எப்படி வருகின்றன

ஆற்றுநீரில் அழுகிய இலை, மண், சதுப்புக் கரிமண் ஆகியவற்றிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருள்கள் எப்போதும் இருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போன்றவற்றைச் சேர்த்து, அழுக்கைத் திரளவைத்து, மணலில் வடிகட்டும்போது இவற்றில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியதோடு குளோரின் வினைபுரியும்போது துணைச் சேர்மங்கள் உருவாகின்றன. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் குடிநீர்த் துறையில் வேலை செய்த யோஹானஸ் ரூக் என்ற வேதியியலாளர் 1974ல் இதை வெளியிட்டார். முக்கியமான குடும்பம் டிரைஹாலோமீத்தேன். அதில் நான்கு: குளோரோஃபாம், புரோமோடைகுளோரோமீத்தேன், டைபுரோமோகுளோரோமீத்தேன், புரோமோஃபாம். அடுத்தது ஹாலோஅசிட்டிக் அமிலங்கள். இதுவரை அடையாளம் காணப்பட்ட துணைச் சேர்மங்கள் 600க்கும் மேல். வழக்கமாக அளக்கப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

நம் ஊர் நிலைமை இந்த வினைக்குச் சாதகமானது. குளிர்நாட்டுக் குழாயில் தண்ணீர் சில்லென்று ஓடும். இங்கே ஆண்டு முழுக்க 28, 30 டிகிரியில் ஓடுகிறது. வெப்பம் கூடினால் வினையும் வேகமாகும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை கொட்டி ஆறுகள் கலங்கும்போது கரிமப் பொருள் கூடுகிறது. லங்காட் ஆற்றில் அம்மோனியா ஏறி, சுத்திகரிப்பு நிலையங்களை மூடிய செய்திகளை நாம் பல முறை படித்திருக்கிறோம். அம்மோனியா குளோரினைத் தின்றுவிடும். அதனால் அதே பாதுகாப்பைப் பெறக் கூடுதல் குளோரின் சேர்க்க வேண்டியிருக்கும்.

கோலாலம்பூருக்கான தண்ணீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. கிள்ளான் கேட்ஸ் அணை, லங்காட் ஆகியவையும் உண்டு. லங்காட் 2 நிலையத்துக்கு வரும் நீர் பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து மலையைக் குடைந்த 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வருகிறது. இந்த விவரம் எதற்கென்றால், உங்கள் வீடு எந்த நிலையத்தின் நீரைப் பெறுகிறது, அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும். குழாயில் பயணம் செய்யும் நேரமெல்லாம் டிரைஹாலோமீத்தேன் கூடிக்கொண்டேதான் போகிறது. நம் நாட்டில் சபாக் பெர்ணாம், தம்பின் மாவட்டங்களை எடுத்துக்கொண்டு இது உருவாகும் விதத்தை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2003ல் வெளிவந்தது. அதாவது, விஷயம் நம் ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. நம் சமையலறைகளுக்குத்தான் புதிது.

எவ்வளவு பயப்படலாம்

அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் குளோரோஃபாமை 2பி பிரிவில், அதாவது 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. குளோரின் கலந்த குடிநீரை 1991ல் மூன்றாம் பிரிவில் வைத்தது. வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பது அதன் பொருள். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். 2020ல் வெளியான ஒரு ஐரோப்பிய ஆய்வு, அங்கே ஆண்டுதோறும் வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சுமார் 5 விழுக்காடு, ஏறக்குறைய 6,500 நோயாளிகள், டிரைஹாலோமீத்தேனோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த நாடுகளின் சராசரி அளவு லிட்டருக்கு 11.7 மைக்ரோகிராம்தான். இது பல பத்தாண்டுகள் தொடர்ந்து குடிப்பதால் வரக்கூடிய ஆபத்து. நேற்றுக் குடித்த ஒரு குவளைக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். அதே நோய்க்குப் புகைபிடித்தல் இதைவிடப் பல மடங்கு பெரிய காரணம். வீட்டில் சிகரெட் இருக்கும்போது வடிகட்டி வாங்குவதில் அர்த்தமே இல்லை. கர்ப்பிணிகள், குழந்தையின் எடை பற்றிய ஆய்வுகளும் உண்டு, ஆனால் அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

வரம்புகளைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் குளோரோஃபாமுக்கு லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் என்கிறது. மலேசியத் தரநிலை 200. அமெரிக்கா நான்கு சேர்மங்களையும் கூட்டி 80 என்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 100. ஆகவே, இங்கே தேர்ச்சி பெறும் தண்ணீர் அங்கே தேர்ச்சி பெறாமலும் போகலாம். இதனால்தான், 'தரநிலைக்கு உட்பட்டது' என்ற ஒரு வரியோடு நான் நிறைவடைவதில்லை. செலவு குறைந்த ஒரு படி இருக்கும்போது அதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். குளோரினை வெறுத்து அதைத் தவிர்ப்பது ஆபத்தான முடிவு. 1991ல் பெருவில் தொடங்கி லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவிய காலரா ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. குளோரின் சரியாகச் சேர்க்கப்படாத குழாய்நீர் அது பரவ ஒரு வழியாக இருந்தது. துணைச் சேர்மங்களைக் குறைக்கும் முயற்சியில் கிருமி நீக்கம் எந்த வகையிலும் தளரக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே, நான் எல்லா வழிகளையும் அளக்கும் கோல் இதுதான்: குளோரின் உங்கள் குடிநீர்க் குழாய் வரை காவலுக்கு வரட்டும். குடிக்கும் தண்ணீரில் மட்டும், குடிப்பதற்குச் சற்று முன்னால், அதையும் அதன் துணைச் சேர்மங்களையும் எடுங்கள்.

கொதிக்க வைப்பது: அடுப்பும் கெட்டிலும் ஒன்றல்ல

நம் வீடுகளில் பச்சைத் தண்ணீர் குடிப்பவர்கள் குறைவு. பாட்டி காலத்திலிருந்து கொதிக்க வைத்து ஆற வைத்துத்தான் குடிக்கிறோம். அந்தப் பழக்கம் டிரைஹாலோமீத்தேனுக்கும் மருந்தாக அமைகிறது, ஏனென்றால் அது எளிதில் ஆவியாகும். குளோரோஃபாம் 61 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது குமிழிகளோடு சேர்ந்து அது வெளியேறுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூடு ஏறும்போது தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் சும்மா இருப்பதில்லை. மிஞ்சிய கரிமப் பொருளோடு வேகமாக வினைபுரிந்து புதிய குளோரோஃபாமை உண்டாக்குகிறது. ஒரு பக்கம் போகிறது, இன்னொரு பக்கம் பிறக்கிறது. கொதி வந்தவுடன் தானாக அணையும் மின் கெட்டிலில் இந்தக் கணக்கு பாதியில் நின்றுவிடும், மூடியும் மூடியே இருக்கும். அடுப்பில் மூடியைத் திறந்து வைத்து, கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் விட்டால் குளோரோஃபாமில் மிகப் பெரும்பகுதி போய்விடும். புரோமின் கலந்த மூன்றும் கொஞ்சம் மெதுவாகப் போகும், அதனால்தான் ஐந்து நிமிடம். வெளியேறுவது உங்கள் சமையலறைக் காற்றில்தான் கலக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள், உறிஞ்சி விசிறி இருந்தால் போடுங்கள். தெர்மோபாட் வைத்திருப்பவர்கள் அதில் குளோரின் நீக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாதிரிகளில் உண்டு. கொதி வந்த பிறகும் சில நிமிடம் விடாமல் கொதிக்க வைப்பதுதான் அதன் வேலை.

ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் வேறு கதை. அவை ஆவியாகாது. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் சூட்டில் சிதைந்து குறையும், சிதையும்போது குளோரோஃபாமாக மாறும், அதுவும் கொதியில் போய்விடும். டைகுளோரோஅசிட்டிக் அமிலம் குறையாது, சில நேரம் சற்றுக் கூடவும் செய்யும். கொதிக்க வைப்பதன் உண்மையான குறை இதுதான். தண்ணீரை முதல் நாள் இரவே பாத்திரத்தில் பிடித்து மெல்லிய துணியால் மூடி வைத்தால் குளோரினில் ஒரு பகுதி தானே போய்விடும். காலையில் கொதிக்கும்போது புதிதாகப் பிறப்பதும் குறையும். மிகச் சாதாரண வேலை, பலன் நிச்சயம் உண்டு.

செலவைக் கணக்குப் போட்டால், ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 8 லிட்டர் கொதிக்க வைக்க மாதம் சுமார் 5 கிலோ எரிவாயு ஆகும். மானிய விலையில் 14 கிலோ சிலிண்டர் 26 ரிங்கிட் 60 சென் என்று வைத்தால் மாதம் 10 ரிங்கிட்டை ஒட்டி நிற்கும். கிருமியும் சாகிறது. தண்ணீர் தடைக்குப் பிறகு கலங்கி வரும் நாள்களிலும் இந்த வழி கைவிடாது. அடுப்பைக் கவனிக்க ஆள் வேண்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொதிநீர் ஆபத்து, இவையே இதன் விலை.

கார்பன் வடிகட்டி: ருசியை நம்பாதீர்கள்

சமையலறைச் சிங்கின் கீழோ குழாய் முனையிலோ பொருத்தும் கரி வடிகட்டி குளோரினையும் டிரைஹாலோமீத்தேனையும் பிடிக்கும். ஹாலோஅசிட்டிக் அமிலத்தையும் ஓரளவு குறைக்கும். பயன்பாட்டு வசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இதில் மறைந்திருக்கும் ஒரு விஷயத்தை விற்பவர்கள் சொல்வதில்லை.

குளோரின் கரியின்மேல் பட்டதும் வினைபுரிந்து அழிகிறது. அதற்கு இடம் தேவையில்லை, அதனால் நெடுங்காலம் வேலை நடக்கும். குளோரோஃபாம் அப்படி அழிவதில்லை. கரியின் நுண்துளைகளில் ஒட்டி உட்கார வேண்டும். அதன் பிடி பலவீனமானது. இருக்கைகள் நிறைந்த பேருந்தில் பின்னால் ஏறிய வலுவானவர் இவரை எழுப்பிவிட்டு உட்காருவதைப் போல, மற்ற கரிமப் பொருள்கள் வரவர குளோரோஃபாம் மறுபடி தண்ணீரில் இறங்கிவிடும். ஆகவே, குளோரின் வாடை வராமல் தண்ணீர் இனிமையாக இருக்கும் காலத்திலேயே, குளோரோஃபாமைப் பிடிக்கும் திறன் முடிந்து போயிருக்கலாம். 'ருசி மாறும்போது கார்ட்ரிட்ஜை மாற்றுவேன்' என்று நினைப்பவர்கள் இந்தச் சேர்மத்தைப் பொறுத்தவரை வெகு காலமாக வடிகட்டாத தண்ணீரையே குடிக்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, வடிகட்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான என்எஸ்எஃப்பின் சான்றிதழ் எண். 42 என்றால் குளோரின், ருசி, வாடை, அவ்வளவுதான். 53 என்றால் உடல்நலம் சார்ந்த பொருள்கள். அதிலும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் அல்லது டிரைஹாலோமீத்தேன் என்று பெயர் குறிப்பிட்டுச் சான்று இருக்க வேண்டும். அந்தச் சோதனையில் லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் குளோரோஃபாம் கலந்த நீரைத்தான் ஆவியாகும் சேர்மங்கள் எல்லாவற்றுக்கும் பதிலாக விட்டுப் பார்க்கிறார்கள். எத்தனை லிட்டர் வரை சான்று செல்லும் என்பதும் அதில் இருக்கும். நாளுக்கு 8 லிட்டர் எடுத்தால் மாதம் 240 லிட்டர். அந்தக் கணக்கில் மாற்றும் தேதியைக் கார்ட்ரிட்ஜின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். துகள் கரியைவிடக் கட்டியாக அழுத்திய கார்பன் பிளாக் நல்லது; தண்ணீர் கரியைத் தொடும் நேரம் சீராக இருக்கும். குழாயை முழுக்கத் திறக்காமல் மெதுவாகப் பிடிப்பதும் உதவும்.

கரியைத் தாண்டிய தண்ணீரில் குளோரின் இல்லை, எனவே கிருமி வளரத் தடையும் இல்லை. காலையில் முதலில் வரும் தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள். ஊருக்குப் போய் வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். பால்மாவு கலக்க, வயதானவர்களுக்குக் கொடுக்க, வடிகட்டிய பிறகும் கொதிக்க வையுங்கள். இப்போது கெட்டிலே போதும், காரணம், குளோரின் போய்விட்டதால் சூட்டில் புதிதாகப் பிறக்க எதுவும் இல்லை. தண்ணீர் தடைக்குப் பின் வரும் சேற்று நீரை வடிகட்டி வழியாக விடவே கூடாது. வேறு குழாயில் தெளியும்வரை ஓடவிட்டுவிட்டு அப்புறம் திறவுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரமும் தெருமுனைத் தண்ணீரும்

மாத வாடகை இயந்திரங்கள் இப்போது பாதி வீடுகளில் இருக்கின்றன என்று சொல்லும் அளவுக்குப் பரவிவிட்டன. பெரும்பாலும் மாதம் 100 ரிங்கிட்டை ஒட்டிய கட்டணம், பல ஆண்டு ஒப்பந்தம். ஐந்து ஆண்டு என்றாலே 6,000 ரிங்கிட் ஆகிறது. உள்ளே எல்லாமே ஆர்.ஓ. அல்ல, சிலவற்றில் வேறு வகைச் சவ்வு இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான ஆர்.ஓ. சவ்வு உப்பு, கன உலோகம், ஹாலோஅசிட்டிக் அமிலம் ஆகியவற்றை நன்றாகவே தடுக்கும். ஆனால் குளோரோஃபாம் மின்னூட்டம் இல்லாத சிறிய மூலக்கூறு, சவ்வை ஓரளவு தாண்டிவிடும். அங்கே உண்மையில் வேலை செய்வது சவ்வுக்கு முன்னும் பின்னும் இருக்கும் கரி. அந்தக் கரி இல்லாவிட்டால் குளோரின் சவ்வையே அரித்துவிடும். அதாவது, டிரைஹாலோமீத்தேனுக்காக மட்டும் ஆர்.ஓ. வாங்குபவர் கரிக்காகப் பெரிய தொகை கொடுக்கிறார்.

அது எடுத்துவிடும் வேறொன்றையும் சொல்ல வேண்டும். நம் குழாய்நீரில் பற்களுக்காக லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்க வேண்டும் என்பது தரநிலை. ஆர்.ஓ. அதையும் பெரும்பாலும் நீக்கிவிடும். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பல் மருத்துவரிடம் இதைச் சொல்லிவையுங்கள். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போவதும் உண்டு. அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். கிணற்று நீர், பழைய ஈயக் குழாய், கன உலோகம் என்று வேறு காரணம் இருந்தால் ஆர்.ஓ. சரியான தேர்வு. பராமரிப்பு ஆள் நேரத்துக்கு வந்து கார்ட்ரிட்ஜ் மாற்றிவிடுவார் என்பதும், எதையும் மறந்துவிடும் குடும்பத்துக்கு நிஜமான வசதிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கடை வரிசையின் ஐந்தடி நடைபாதையில் நிற்கும் தானியங்கி ஆர்.ஓ. இயந்திரங்களைச் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பந்தாய் டாலாம் எங்கும் பார்க்கலாம். லிட்டருக்கு 20, 30 சென். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெரிய கலன்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். குழாய்நீரின் விலை 2024 பிப்ரவரியில் முதல் 20 கன மீட்டருக்குக் கன மீட்டர் 65 சென் என்று ஆனது. 1,000 லிட்டருக்கு 65 சென் கொடுக்கும் நாம், இங்கே அதே 1,000 லிட்டருக்கு 200 ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்கிறோம். வருமானம் குறைந்த குடும்பங்கள்தான் இதை அதிகம் நம்பியிருக்கின்றன என்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். இயந்திரம் நன்றாகப் பராமரிக்கப்பட்டால் தண்ணீர் நல்லதே. சுகாதார அமைச்சின் உரிம எண்ணும் கார்ட்ரிட்ஜ் மாற்றிய தேதியும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட, உங்கள் கலனைப் பாருங்கள். குளோரின் இல்லாத தண்ணீரை, சரியாகக் கழுவாத கலனில், வெயில் படும் பால்கனியில் ஒரு வாரம் வைத்தால், வராத புற்றுநோய்க்குப் பயந்து வயிற்றுப்போக்கை வாங்கியதாக முடியும்.

போத்தல் தண்ணீர் லிட்டருக்கு 1 ரிங்கிட்டைத் தாண்டும். 'மினரல்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் பல போத்தல்களில் இருப்பது சுத்திகரிக்கப்பட்ட குழாய்நீர்தான்; லேபிளைப் படியுங்கள். ஓசோனால் கிருமி நீக்கினால் டிரைஹாலோமீத்தேன் புதிதாக உண்டாவது குறைவு, ஆனால் தண்ணீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற வேறொரு துணைச் சேர்மம் உருவாகலாம். அதன் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தண்ணீர் தடைக்கு இரண்டு பெட்டி வாங்கி வைப்பது சரி, அன்றாடத்துக்கு வேண்டாம். காரத் தண்ணீர் இயந்திரம், அதாவது ஆல்கலைன், இந்தப் பிரச்சினைக்குச் சம்பந்தமே இல்லாதது. அதற்குள் ஒரு கரி கார்ட்ரிட்ஜ் இருந்தால் பலன் தருவது அந்தக் கரிதான்.

வாசலில் வைக்கும் பெரிய வடிகட்டியும் குளியலறையும்

தரை வீடுகளின் வாசலில் நிற்கும் நீளமான மணல் வடிகட்டி சேறு, துரு ஆகியவற்றுக்கு அருமையான தடுப்பு. கரைந்த குளோரோஃபாமை அது தொடவே தொடாது. நுண்சவ்வு வகையும் அப்படியே. சிலர் அதற்குள் கரியும் போட்டுத் தருகிறார்கள். அதைத்தான் நான் முற்றிலும் மறுக்கிறேன். வாசலிலேயே குளோரினை எடுத்துவிட்டால் வீட்டின் எல்லாக் குழாய்களும், கூரைத் தொட்டியும் காவலில்லாமல் கிடக்கும். நம் வெயிலில் சூடேறும் தொட்டியில் கிருமி பெருக அதைவிட வசதியான இடம் வேறில்லை.

தொட்டி என்றதும் இன்னொன்று. தரை வீடுகளில் சமையலறைக் குழாய் பெரும்பாலும் தெருக் குழாயிலிருந்து நேராக வரும். குளியலறைக்கு வருவது கூரைத் தொட்டி வழியாக. குடிநீரைச் சமையலறையில் மட்டும் பிடியுங்கள். கொண்டோ, பிளாட் என்றால் எல்லாமே கீழ்த் தொட்டி, மேல் தொட்டி வழியாகத்தான் வரும். அங்கே தண்ணீர் தேங்கும் நேரம் அதிகம். குளோரின் குறையும், டிரைஹாலோமீத்தேன் கூடும். தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று நிர்வாகத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

குளியலை மறந்துவிட்டுக் குடிநீருக்கு மட்டும் செலவழிப்பது பாதி வேலை. சுடுநீரில் குளிக்கும்போது குளோரோஃபாம் ஆவியாகி மூச்சு வழியாகவும், தோல் வழியாகவும் உள்ளே போகிறது. மூடிய அறையில் நீண்ட நேரம் குளித்தால், அது ஒரு நாள் குடிநீரில் போவதற்குச் சமமாகவும் ஆகலாம். மருந்து எளிது: சன்னல் அல்லது விசிறி, சூட்டைக் குறைப்பது, சீக்கிரம் முடிப்பது. ஷவரில் மாட்டும் சின்ன வடிகட்டிகள் குளோரினைக் குறைக்கலாம், குளோரோஃபாமுக்கு அவற்றை நம்ப முடியாது. தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடும்போது கரிக்கு நேரமே இல்லை.

நான் எதைத் தேர்வேன்

பிளாட்டில் வசித்து, காசைப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பம் என்றால் தயங்காமல் அடுப்பு: இரவில் பிடித்து வைத்த தண்ணீர், திறந்த மூடி, ஐந்து நிமிடம். இயந்திர வாடகையைவிட இது பத்தில் ஒரு பங்கு. இருவரும் வேலைக்குப் போகும், கைக்குழந்தை உள்ள வீடு என்றால் 53 சான்றுள்ள கார்பன் பிளாக், அதன் பின் கெட்டில். இந்த இரண்டும் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன், கிருமி இரண்டுக்கும், ஓரளவு ஹாலோஅசிட்டிக் அமிலத்துக்கும் பதில் கிடைத்துவிடும். மாதச் செலவு வாடகை இயந்திரத்தில் பாதியைத் தொடாது. ஏற்கெனவே ஆர்.ஓ. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் அதை உடைத்து அபராதம் கட்ட வேண்டாம், கரி கார்ட்ரிட்ஜ் உரிய நாளில் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் குழாயில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தே முடிவெடுக்க விரும்பினால், சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் டிரைஹாலோமீத்தேன் சோதனையைக் கேளுங்கள். மினரல் போத்தலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். வழியிலேயே ஆவியாகிவிடும், மிச்சமிருக்கும் குளோரின் புதிதாகவும் உண்டாக்கும். குளோரினை நிறுத்தும் மருந்து போட்ட சிறு கண்ணாடிக் குப்பியை ஆய்வகமே தரும். காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். நல்ல மழைக்குப் பிந்தைய நாளில் ஒன்று, வறண்ட நாளில் ஒன்று என்று எடுத்தால் உண்மைப் படம் கிடைக்கும். கொண்டோவில் பல குடும்பங்கள் சேர்ந்து கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டால் பாரம் தெரியாது, தொட்டி ஒன்றுதானே.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஆற வைத்த அல்லது வடிகட்டிய தண்ணீரை மூடியுள்ள கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் ஐஸ்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளுக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.